காலிப்பர் பிரேக் (மிதிவண்டி)

காலிப்பர் பிரேக் என்பது மிதிவண்டியின் சக்கர விளிம்பை இருபுறமும் இடுக்கி போல் பற்றி நிறுத்தும் ஒரு கருவி ஆகும். கைப்பிடியில் உள்ள பிரேக் பிடியை அழுத்தும்போது ஒயர் இழுக்கப்படுகிறது. அந்த இழுவிசை இரு கரங்களை ஒன்றை நோக்கி மற்றொன்றாக நகர்த்துகிறது. கரங்களின் முனையில் உள்ள ரப்பர் கட்டைகள் சக்கர விளிம்பில் உராய்ந்து வண்டியின் வேகத்தைக் குறைக்கின்றன.

சாலை மிதிவண்டி எனப்படும் பந்தய வகை மிதிவண்டிகளில் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்கும் மேலாக இவ்வகை பிரேக்கே முதன்மையாக இருந்தது. 2010களின் பிற்பகுதியில் இருந்து வட்டு பிரேக் அதன் இடத்தைப் பிடித்து வருகிறது. எனினும் குறைந்த எடை, எளிய அமைப்பு, சாதாரணக் கருவிகளைக் கொண்டே பழுது நீக்கும் வசதி ஆகியவற்றால் காலிப்பர் பிரேக் கொண்ட வண்டிகள் இன்றும் பெருமளவில் பயன்பாட்டில் உள்ளன. இக்கட்டுரை இடைநிலை விலையில் உள்ள காலிப்பர் பிரேக்குகளை எவ்வாறு மதிப்பிடுவது என்பதை, திருச்சிராப்பள்ளி, திருவரங்கம் பகுதிச் சாலைகளை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்குகிறது.

== வரலாறு ==

1876 ஆம் ஆண்டில் பிரௌவெட், ஹாரிசன் ஆகிய இருவர் காலிப்பர் பிரேக்கின் தொடக்க வடிவம் ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றனர். ஆனால் கையின் விசையை வளைந்து செல்லும் வழியில் சக்கரத்திற்குக் கொண்டு செல்ல நல்ல வழி அப்போது இல்லை. 1896 ஆம் ஆண்டில் ஏர்னெஸ்ட் மோனிங்டன் பௌடன் என்பவர் உறைக்குள் நகரும் கம்பி வடத்துக்குக் காப்புரிமை பெற்றார். இன்று மிதிவண்டிக் கடைகளில் பிரேக் ஒயர் என அழைக்கப்படுவது இதுவே. இது வந்த பிறகே காலிப்பர் பிரேக் நடைமுறைக்கு ஏற்றதாயிற்று.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பிரான்சின் மாஃபாக், சுவிட்சர்லாந்தின் வைன்மான் முதலிய நிறுவனங்களின் பிரேக்குகள் பந்தய வண்டிகளில் பரவலாக இருந்தன. 1960களின் இறுதியில் இத்தாலியின் கம்பான்யோலோ நிறுவனம் தனது ரெக்கார்டு வகைப் பக்க இழுப்பு பிரேக்கை வெளியிட்டது. துல்லியமான இணைப்புகளும் குறைந்த ஆட்டமும் கொண்ட அது நீண்ட காலம் மற்ற நிறுவனங்களுக்கு முன்மாதிரியாக இருந்தது. 1990களில் ஜப்பானின் சிமானோ நிறுவனம் இரட்டைச் சுழல்முனை அமைப்பைப் பரவலாக்கியது. இன்று விற்பனையில் உள்ள சாலை மிதிவண்டிக் காலிப்பர் பிரேக்குகளில் பெரும்பாலானவை இவ்வமைப்பு கொண்டவையே.

=== தமிழ்நாட்டில் ===

தமிழ்நாட்டில் பெருமளவு மிதிவண்டி உற்பத்தி, 1949 ஆம் ஆண்டில் முருகப்பா குழுமம் பிரித்தானிய நிறுவனம் ஒன்றுடன் இணைந்து தொடங்கிய டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனத்துடன் தொடர்புடையது. சென்னை அம்பத்தூரில் இருந்து வந்த ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. வண்டிகள் தமிழக ஊர்களில் நன்கு அறியப்பட்டவை. அக்காலத்துப் பெரிய கறுப்பு மிதிவண்டிகளில் காலிப்பர் பிரேக் இல்லை. அவற்றில் கம்பி பிரேக் இருந்தது. இவ்வகையில் இரும்புக் கம்பிகளின் தொடர் ஒன்று பிரேக் கட்டைகளை மேல்நோக்கி இழுத்து, சக்கர விளிம்பின் உட்புறத்தில் அழுத்தும்.

பின்னர் சிறுவர் வண்டிகளிலும் ஸ்போர்ட்ஸ் வகை வண்டிகளிலும் எஃகுத் தகட்டை அழுத்தி வளைத்துச் செய்யப்பட்ட எளிய காலிப்பர் பிரேக்குகள் வந்தன. இவை மலிவானவை, ஆனால் எளிதில் வளைபவை. காலிப்பர் பிரேக் சரியாகப் பிடிக்காது என்ற பொதுவான எண்ணம் இவ்வகையைக் கண்டே தோன்றியது எனலாம். 2011 ஆம் ஆண்டில் அதே நிறுவனம் மோன்ட்ரா என்ற பெயரில் விலை உயர்ந்த வண்டிகளை அறிமுகப்படுத்தியது. ஏறத்தாழ இக்காலத்தில் வெளிநாட்டு நிறுவனங்களின் வண்டிகளும் தமிழக நகரங்களில் கிடைக்கத் தொடங்கின. இவற்றின் வழியே அலுமினியத்தால் ஆன இரட்டைச் சுழல்முனை பிரேக் இங்குள்ள மாணவர்களுக்கும் பணியாளர்களுக்கும் அறிமுகமானது.

== அமைப்பு ==

காலிப்பர் பிரேக் தொகுதியின் முதன்மை உறுப்புகள் பின்வருமாறு:

* பிரேக் பிடி - கையால் அழுத்தப்படும் நெம்புகோல்.
* ஒயரும் உறையும் - விசையைக் கடத்துபவை.
* கரங்கள் - சக்கரத்தின் இருபுறமும் வளைந்து இறங்கும் இரு நெம்புகோல்கள்.
* சுழல்முனை - கரங்கள் சுழலும் அச்சு.
* சுருள்வில் - பிடியை விட்டவுடன் கரங்களை விலக்கும் ஸ்பிரிங்.
* நடு போல்ட் - பிரேக்கை முன்கவையிலோ பின்சட்டத்திலோ பொருத்துவது.
* பிரேக் கட்டைகள் - விளிம்பில் உராயும் ரப்பர் பகுதி.

இவற்றுடன் ரிம் எனப்படும் சக்கர விளிம்பையும் பிரேக்கின் ஓர் உறுப்பாகவே கருத வேண்டும். உராய்வின் ஒரு பாதி அதன் மேற்பரப்பிலேயே நிகழ்கிறது. எனவே காலிப்பரை மட்டும் தனியே எடுத்து நல்லது, கெட்டது எனக் கூற இயலாது.

== வகைகள் ==

=== ஒற்றைச் சுழல்முனை ===

இரு கரங்களும் நடு போல்ட்டையே அச்சாகக் கொண்டு சுழலும். அமைப்பு எளிது, எடை குறைவு. சக்கரத்தில் சிறிது கோட்டம் இருந்தாலும் இரு கரங்களும் சேர்ந்து விளிம்பைத் தொடர்ந்து நகரக் கூடியவை. ஆனால் ஒரு பக்கமாகச் சாய்ந்து, ஒரு கட்டை எப்போதும் உராய்ந்து கொண்டிருப்பது இதன் வழக்கமான குறை.

=== நடு இழுப்பு ===

ஒயர் இரு கரங்களையும் இணைக்கும் சிறு வடத்தை நடுவில் இருந்து மேலே இழுக்கும். மாஃபாக் நிறுவனத்தின் பிரேக்குகள் இவ்வகையின் நன்கறிந்த எடுத்துக்காட்டு.

=== இரட்டைச் சுழல்முனை ===

ஒரு கரம் நடுவிலும் மற்றொரு கரம் பக்கவாட்டில் உள்ள தனி அச்சிலும் சுழலும். இதனால் இயந்திர இலாபம் கூடுகிறது. அதாவது, குறைந்த கைவிசையில் அதிக அழுத்தம் கிடைக்கிறது. இரு கரங்களும் சம அளவில் நகர்வதால் பிரேக் நடுவிலேயே நிற்கிறது. இதற்கு ஈடாக, கட்டைகள் விளிம்புக்கு மிக அருகில் இருக்க வேண்டியுள்ளது. ஆகவே சக்கரம் கோட்டம் இல்லாமல் இருப்பது கட்டாயம் ஆகிறது.

=== நேரடிப் பொருத்தம் ===

2010களில் பரவிய இவ்வகையில் நடு போல்ட்டுக்கு மாறாக இரு கரங்களும் தனித்தனி போல்ட்டுகளால் சட்டத்தில் நேரடியாகப் பொருத்தப்படுகின்றன. இதற்கென வடிவமைத்த சட்டங்களில் மட்டுமே இவற்றைப் பயன்படுத்த இயலும்.

== நிறுத்தும் தொலைவு ==

மணிக்கு 30 கி.மீ. வேகம் என்பது நொடிக்கு 8.3 மீட்டர் ஆகும். ஒருவர் ஆபத்தைக் கண்டு பிரேக் பிடியை அழுத்த ஒரு நொடி எடுத்துக் கொண்டால், பிரேக் பிடிக்கும் முன்பே வண்டி 8 மீட்டருக்கு மேல் சென்றிருக்கும். அதன் பிறகான தொலைவு எதிர்முடுக்கத்தைப் பொறுத்தது.

சாலை மிதிவண்டியில் பிரேக்கின் வலிமைக்கு மேல் வரம்பு ஒன்று உண்டு. ஓட்டுநரின் ஈர்ப்பு மையம் உயரத்தில் இருப்பதால், மிகக் கடுமையாகப் பிடித்தால் பின்சக்கரம் தரையை விட்டு எழும்பும். வழக்கமான அமர்வு நிலையில் இது ஈர்ப்பு முடுக்கத்தின் பாதியளவிலோ அதற்குச் சற்று மேலோ நிகழ்கிறது. எனவே நொடிக்கு நொடி 5 மீட்டர் என்ற எதிர்முடுக்கமே நடைமுறையில் சிறந்த நிலை எனலாம்.

மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் இருந்து, காய்ந்த சாலையில் கணக்கிட்டால் கிடைக்கும் தொலைவுகள்:

* இரு பிரேக்கும் சரியாகப் பயன்படும்போது (எதிர்முடுக்கம் 5 மீ/வி²) - சுமார் 7 மீட்டர்.
* பின் பிரேக்கை மட்டும் பயன்படுத்தும்போது (எதிர்முடுக்கம் 2.5 மீ/வி²) - சுமார் 14 மீட்டர்.

வேகம் குறையும்போது எடை முன்சக்கரத்தின் மீது மாறுவதால் பின்சக்கரம் இலேசாகி வழுக்கத் தொடங்குகிறது. பின் பிரேக் எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் இந்த வரம்பை மீற முடியாது. முன் பிரேக்கைப் பிடித்தால் விழுந்து விடுவோம் என அஞ்சிப் பின் பிரேக்கை மட்டுமே பயன்படுத்தும் பழக்கம் பலரிடம் உள்ளது. மேற்கண்ட கணக்கின்படி அப்பழக்கம் நிறுத்தும் தொலைவை இரு மடங்காக்குகிறது. முன் பிரேக்கைப் படிப்படியாக அழுத்தவும், உடலைப் பின்னோக்கித் தள்ளிக் கொள்ளவும் பழகுவதே இதற்குத் தீர்வு. மணல் மீதும் ஈரமான வளைவிலும் மட்டும் முன் பிரேக்கைக் கவனமாகக் கையாள வேண்டும்.

இதிலிருந்து ஒரு முடிவு கிடைக்கிறது. காய்ந்த சாலையில் ஓரளவு நல்ல எந்தக் காலிப்பரும் பின்சக்கரத்தை எழுப்பும் அளவு விசையைத் தர வல்லது. இடைநிலை பிரேக்குகளை வேறுபடுத்துவது உச்ச வலிமை அன்று. அந்த வலிமையை அளவாகக் கூட்டவும் குறைக்கவும் கைக்குக் கிடைக்கும் கட்டுப்பாடும், ஈரத்தில் அதன் நம்பகத்தன்மையுமே ஆகும்.

== திருச்சிராப்பள்ளி, திருவரங்கம் சாலைகள் ==

=== நகரமும் தீவும் ===

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே அமைந்த தீவு திருவரங்கம். இதைத் திருச்சிராப்பள்ளி நகரத்துடன் இணைக்கும் காவிரிப் பாலம் 1976 ஆம் ஆண்டில் பயன்பாட்டுக்கு வந்தது. இப்பகுதி பெரும்பாலும் சமவெளி. மலைக்கோட்டை போன்ற தனிப் பாறைகளைத் தவிர நகருக்குள் நீண்ட ஏற்ற இறக்கம் இல்லை. ஆகவே இங்கு பிரேக்கின் பணி நீண்ட நேரம் பிடித்திருப்பது அன்று. திடீரெனப் பிடித்து விடுவதே.

திருவரங்கம் அரங்கநாதர் கோயில் ஏழு திருச்சுற்றுகளைக் கொண்டது. வெளிச்சுற்றுகளான உத்திர வீதி, சித்திரை வீதி, அடையவளைந்தான் வீதி ஆகியவற்றில் வீடுகளும் கடைகளும் உள்ளன. இவ்வீதிகள் கோயிலைச் செவ்வக வடிவில் சுற்றி வருவதால் மூலைகள் நேர்கோணத் திருப்பங்களாக உள்ளன. திருப்பத்துக்கு அப்பால் வருவோரை முன்கூட்டியே காண இயலாது. வைகுண்ட ஏகாதசி, சித்திரைத் தேர் போன்ற விழாக் காலங்களில் நடந்து செல்வோர் கூட்டம் மிகும். இத்தகைய இடங்களில் மெதுவான வேகத்தில் சிறிது சிறிதாகப் பிடித்து விடக்கூடிய பிரேக் தேவை. தொட்டவுடன் கவ்விக் கொள்ளும் பிரேக் இங்கு நல்லதன்று.

பாலங்களில் உள்ள விரிவு இணைப்புகள் மற்றொரு சிக்கல். சக்கரம் இணைப்பின் மீது குதிக்கும் கணத்தில் தரைப்பிடிப்பு குறைகிறது. அப்போது பிரேக் பிடித்தால் சக்கரம் பூட்டிக் கொள்ளும். இணைப்புக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, பிடியை விட்டுக் கடப்பது பாதுகாப்பானது.

=== மழையும் மணலும் ===

திருச்சிராப்பள்ளிக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழை முக்கியமானது. மழையில் நனைந்த விளிம்பின் மீது நீர்ப்படலம் நிற்கிறது. கட்டைகள் முதலில் அந்நீரை வழித்துத் தள்ள வேண்டும். அதன் பின்னரே முழு உராய்வு கிடைக்கும். சாலை மிதிவண்டிச் சக்கரத்தின் சுற்றளவு சுமார் 2.1 மீட்டர். நீரை வழிக்க மூன்று சுற்றுகள் ஆகும் எனக் கொண்டால், வண்டி 6 மீட்டருக்கு மேல் பிரேக் இல்லாதது போலவே சென்றுவிடும். ஆகவே மழையில் தேவைக்கு முன்பே பிடியை இலேசாக அழுத்தி விளிம்பைத் துடைத்து வைப்பது வழக்கம். குரோமியம் பூசிய பழைய எஃகு விளிம்புகளில் ஈர உராய்வு மிக மோசமாகக் குறையும். அலுமினிய விளிம்பு இதில் பெரிதும் மேலானது.

முக்கொம்பு, கல்லணை போன்ற இடங்களுக்கு ஆற்றங்கரைச் சாலைகளில் செல்லும்போது மணல் துகள்கள் ஈரக் கட்டைகளில் பதிகின்றன. அவை விளிம்பைச் சுரண்டுகின்றன. சுரண்டப்பட்ட அலுமினியத் துணுக்குகளும் கட்டையில் பதிந்து மேலும் சுரண்டுகின்றன. பிரேக் பிடிக்கும்போது கரகரவென ஒலி கேட்டால் இதுவே காரணமாக இருக்கக் கூடும். கோடை வெயிலில் நெடுநேரம் நிறுத்தப்படும் வண்டிகளில் ரப்பர் நாளடைவில் இறுகிப் பளபளப்பாகி உராய்வை இழப்பதும் உண்டு.

=== மலை இறக்கம் ===

சமவெளியில் பழகிய வண்டிகள் பச்சைமலைக்கோ, நாமக்கல் மாவட்டத்தில் உள்ள கொல்லிமலைக்கோ செல்லும்போது நிலைமை முற்றிலும் மாறுகிறது. கொல்லிமலைச் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஒவ்வொரு வளைவுக்கு முன்பும் வேகத்தைக் குறைக்க வேண்டும்.

வண்டியும் ஓட்டுநரும் சேர்ந்து 85 கிலோகிராம் எனக் கொள்வோம். மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் அதன் இயக்க ஆற்றல் சுமார் 3 கிலோசூல். இரு அலுமினிய விளிம்புகளும் சேர்ந்து 0.9 கிலோகிராம் இருந்தால், ஒருமுறை நிறுத்துவதால் அவற்றின் வெப்பநிலை சராசரியாக 4 பாகைக்கும் குறைவாகவே உயரும். திருவரங்கம் வீதிகளில் வெப்பம் ஒரு பொருட்டே அன்று.

அதே வண்டி 1000 மீட்டர் உயரம் இறங்கினால் இழக்கும் நிலை ஆற்றல் சுமார் 830 கிலோசூல். இது ஏறத்தாழ 280 முறை நிறுத்துவதற்குச் சமம். இதில் ஒரு பகுதியைக் காற்றின் தடை எடுத்துக் கொள்ளும். வளைவுகள் நிறைந்த சாலையில் வேகம் குறைவாக இருப்பதால் பெரும்பகுதி பிரேக்கின் வழியே வெப்பமாகும். காற்றில் வெப்பம் வெளியேறாவிடில் விளிம்பின் வெப்பநிலை சுமார் 1000 பாகை உயரும் என்பது கணக்கு. நடைமுறையில் ஓடும் காற்று விளிம்பைக் குளிர்விப்பதாலேயே இறங்க முடிகிறது. பிடியை இடைவிடாமல் அழுத்திக் கொண்டே இறங்கினால் விளிம்பு சூடேறி, டியூப் வெடிக்கவும் கூடும். வளைவுக்கு முன் அழுத்தமாகப் பிடித்து, வளைவில் விட்டு, இடையிடையே நின்று ஆற விடுவதே முறை. கரிம இழை விளிம்புகளில் பிசின் இளகும் அபாயம் இருப்பதால் மேலும் கவனம் தேவை. அவற்றுக்கெனச் செய்த கட்டைகளையே பயன்படுத்த வேண்டும்.

== இடைநிலைத் தரம் ==

சாலை மிதிவண்டி உறுப்புகள் பொதுவாகத் தொகுதிகளாக விற்கப்படுகின்றன. சிமானோவின் 105, டியாக்ரா, கம்பான்யோலோவின் சென்டார், ஸ்ராம் நிறுவனத்தின் ரைவல், ஏபெக்ஸ் ஆகியவற்றின் காலிப்பர்கள் இடைநிலை எனக் கருதப்படுகின்றன. தைவானின் டெக்ட்ரோ நிறுவனம் பல விலைகளில் தனிக் காலிப்பர்களைச் செய்கிறது. பல வண்டிகளில் பிற உறுப்புகள் சிமானோவாக இருக்க, பிரேக் மட்டும் வேறு நிறுவனத்துடையதாக இருக்கும். வண்டியின் விலையைக் குறைக்க இது கையாளப்படும் வழி. வாங்குவோர் இதைக் கவனிக்காமல் விடுவது உண்டு.

மலிவான காலிப்பருக்கும் இடைநிலைக் காலிப்பருக்கும் உள்ள வேறுபாடு பெரிது. பின்னதில் கரங்கள் அடித்து உருவாக்கிய அலுமினியக் கலப்புலோகத்தால் ஆனவை. சுழல்முனையில் ஆட்டம் குறைவு. கட்டையை மட்டும் தனியே மாற்றும் உறை பெரும்பாலும் இருக்கும். ஆனால் இடைநிலைக்கும் உயர்நிலைக்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் எடையும் மேற்பூச்சுமே ஆகும். ஓர் இணைக்குச் சில பத்து கிராம் எடைக் குறைவு நிறுத்தும் தொலைவை மாற்றுவதில்லை.

== மதிப்பிடும் முறை ==

=== விறைப்பு ===

கட்டைகள் விளிம்பைத் தொட்ட பின்னும் பிடியை மேலும் அழுத்த வேண்டும். நல்ல காலிப்பரின் கரங்கள் சிறிதளவே விரியும். மோசமானவை கண்ணுக்குத் தெரியும் அளவு வளைந்து முறுக்கிக் கொள்ளும். கரம் வளையும்போது கையின் விசை உராய்வாக மாறாமல் உலோகத்தை வளைப்பதிலேயே செலவாகிறது. எனினும் பிடி பஞ்சு போல் அமுங்குவதற்கு எப்போதும் காலிப்பரே காரணம் அன்று. தரமற்ற ஒயர் உறையும் அவ்வாறே உணரச் செய்யும்.

=== ஆட்டம் ===

வண்டியை நிறுத்தி, முன் பிரேக்கைப் பிடித்தபடி முன்னும் பின்னும் அசைக்க வேண்டும். கரங்கள் சுழல்முனையில் கடகடவென ஆடினால் அது தேய்ந்தது அல்லது தளர்ந்தது. கைப்பிடித் தண்டின் பேரிங் தளர்ந்திருந்தாலும் இதே உணர்வு ஏற்படும். ஆகவே ஒரு விரலைக் கரத்தின் மீது வைத்து ஆட்டம் எங்கிருந்து வருகிறது எனப் பிரித்தறிய வேண்டும்.

=== மீளுதல் ===

பிடியை மெதுவாக விடும்போது கரங்கள் தயங்காமல், இருபுறமும் சமமாக விலக வேண்டும். தயங்கினால் சுழல்முனையிலோ ஒயரிலோ உராய்வு உள்ளது. ஒயரைக் கழற்றிய பின் கையால் கரங்களை அழுத்திப் பார்த்தால் குறை எங்குள்ளது என்பது தெரியும்.

=== எட்டும் அளவு ===

நடு போல்ட்டில் இருந்து கட்டை பொருந்தும் இடம் வரை உள்ள தொலைவு எட்டும் அளவு எனப்படும். பந்தய வண்டிகளில் இது பொதுவாக 39 முதல் 49 மி.மீ. வரை. அகன்ற டயர்களுக்கும் மட்கார்டுக்கும் இடம் தரும் வண்டிகளில் 47 முதல் 57 மி.மீ. வரை. தவறான அளவில் வாங்கிய காலிப்பரின் கட்டை விளிம்பை விட்டு டயரின் மீது உராயக் கூடும். அது டயரை விரைவில் கிழித்துவிடும். அளவு நீளும்போது நெம்புகோல் விகிதம் மாறுவதால் விறைப்பும் சற்றுக் குறைகிறது.

=== டயருக்கான இடம் ===

பழைய பந்தயக் காலிப்பர்கள் 23 அல்லது 25 மி.மீ. டயர்களை எண்ணிச் செய்யப்பட்டவை. 2018 ஆம் ஆண்டில் வந்த சிமானோ 105 ஆர்7000 தொகுதியின் காலிப்பர் 28 மி.மீ. டயரை ஏற்கிறது. மேடு பள்ளமான சாலைகளில் அகன்ற டயர் தரைப்பிடிப்பைக் கூட்டுவதால் இதுவும் பிரேக்கின் தரத்தைச் சேர்ந்ததே.

=== கட்டைகள் ===

பிரேக்கின் உணர்வை மிகக் குறைந்த செலவில் மாற்றும் உறுப்பு இதுவே. மலிவான வண்டிகளுடன் வரும் கடினமான கட்டைகளை நீக்கி நல்ல ரப்பர் கலவை கொண்டவற்றைப் பொருத்தினால், பழைய காலிப்பரிலேயே தெளிவான முன்னேற்றம் தெரியும். கூல்-ஸ்டாப் நிறுவனத்தின் வெளிர் ஆரஞ்சு நிறக் கட்டைகள் ஈரத்தில் நன்கு பிடிப்பதற்குப் பெயர் பெற்றவை.

=== ஓட்டிப் பார்த்தல் ===

பன்னாட்டுத் தர நிர்ணயமான ஐஎஸ்ஓ 4210 மிதிவண்டி பிரேக்குகளைக் காய்ந்த நிலையிலும் ஈர நிலையிலும் தனித்தனியே சோதிக்கிறது. காய்ந்த நிலைக்கு மணிக்கு 25 கி.மீ. வேகமும் ஈர நிலைக்கு 16 கி.மீ. வேகமும் கொள்ளப்படுகின்றன. தனி ஒருவர் இதை ஆய்வகத் துல்லியத்துடன் செய்ய இயலாது. ஆயினும் ஆளற்ற சமதளச் சாலையில் ஒரு கோட்டை வரைந்து, ஒரே வேகத்தில் வந்து, கோட்டில் பிடிக்கத் தொடங்கிப் பல முறை நிறுத்திப் பார்க்கலாம். கட்டையை மாற்றும் முன்பும் பின்பும் இவ்வாறு ஒப்பிட்டால் வேறுபாடு புலப்படும். புதிய கட்டைகள் விளிம்புடன் பழகச் சில கிலோமீட்டர்கள் ஆகும் என்பதையும் கருத்தில் கொள்ள வேண்டும்.

== பிடிக்கும் காலிப்பருக்கும் உள்ள இணக்கம் ==

பிரேக் பிடி எவ்வளவு ஒயரை இழுக்கிறது என்பதும், காலிப்பருக்கு எவ்வளவு தேவை என்பதும் ஒத்திருக்க வேண்டும். 2008 ஆம் ஆண்டில் சிமானோ தனது டியூரா-ஏஸ் 7900 தொகுதியில் இந்த விகிதத்தை மாற்றியது. அடுத்தடுத்த ஆண்டுகளில் மற்ற தொகுதிகளும் மாறின. புதிய பிடிகள் அதிக ஒயரை இழுக்கின்றன. புதிய காலிப்பர்கள் அதற்கேற்ப உயர்ந்த இயந்திர இலாபம் கொண்டவை.

பழைய பிடியுடன் புதிய காலிப்பரைச் சேர்த்தால் பிடி நெடுந்தொலைவு அமுங்கும். புதிய பிடியுடன் பழைய காலிப்பரைச் சேர்ப்பது அதனினும் ஆபத்தானது. பிடி விறைப்பாக, நன்றாக இருப்பது போல் தோன்றும். ஆனால் மொத்த இயந்திர இலாபம் குறைந்துவிட்டதால் வண்டி நிற்காது. பயன்படுத்திய உறுப்புகளைத் தனித்தனியே வாங்குவோர் இதைக் கட்டாயம் சரிபார்க்க வேண்டும்.

எந்தப் பிடி எந்தச் சக்கரத்திற்கு என்பதும் நாட்டுக்கு நாடு மாறுபடும். இந்தியாவில் வலக்கைப் பிடி முன் பிரேக்கை இயக்குவது மரபு. அமெரிக்காவிலும் ஐரோப்பாவின் பல நாடுகளிலும் இது இடக்கையில் இருக்கும். இரவல் வாங்கிய அல்லது புதிதாக வாங்கிய வண்டியில் ஏறும் முன் இதைப் பார்த்துக் கொள்வது நல்லது.

== பொருத்துதலும் பராமரிப்பும் ==

* சக்கரத்தின் கோட்டத்தை முதலில் எடுக்க வேண்டும். கோட்டமான சக்கரத்தில் எந்த இரட்டைச் சுழல்முனை பிரேக்கும் சரியாக அமையாது.
* கட்டை முழுவதும் விளிம்பின் மீதே படிய வேண்டும். டயரைத் தொடக் கூடாது.
* கீச்சொலி எழுந்தால் கட்டையின் முன்முனை சற்று முன்னதாகப் படுமாறு சாய்த்துப் பொருத்தலாம்.
* நடு போல்ட்டைச் சிமானோ காலிப்பர்களில் 8 முதல் 10 நியூட்டன் மீட்டர் வரை இறுக்க வேண்டும். கட்டை போல்ட்டுக்கு 5 முதல் 7 நியூட்டன் மீட்டர் போதும்.
* கட்டையின் உறை ஒரு முனையில் திறந்திருந்தால், அம்முனை வண்டியின் பின்பக்கம் நோக்கியிருக்க வேண்டும். மாறாக இருந்தால் பிரேக் பிடிக்கும்போது கட்டை நழுவி வெளியே வந்துவிடும்.
* காலிப்பரின் பக்கவாட்டில் உள்ள சிறு நெம்பி சக்கரத்தைக் கழற்றுவதற்காகப் பிரேக்கைத் தளர்த்துவது. பஞ்சர் ஒட்டிய பின் இதை மூடாமல் விடுவது பொதுவான தவறு.
* மணல் சாலையில் சென்று வந்த பின் விளிம்பை ஈரத் துணியால் துடைத்து, கட்டையில் பதிந்த துணுக்குகளை ஊசியால் எடுக்க வேண்டும்.
* விளிம்பில் எண்ணெய் படக் கூடாது. சுழல்முனைக்கு ஓரிரு துளி எண்ணெய் போதும்.
* ஒயர் பிரிந்து இழை வெளியே தெரிந்தால் உடனே மாற்ற வேண்டும்.
* விளிம்பின் பக்கம் குழிவாகத் தேய்ந்திருந்தாலோ, தேய்மானம் காட்டும் வரிப்பள்ளம் மறைந்திருந்தாலோ விளிம்பையே மாற்ற வேண்டும். தேய்ந்த விளிம்பு டயரின் அழுத்தத்தால் பிளக்கக் கூடும்.

== வட்டு பிரேக்குடன் ஒப்பீடு ==

பன்னாட்டு மிதிவண்டி ஒன்றியம் சாலைப் பந்தயங்களில் வட்டு பிரேக்கைச் சோதனை முறையில் அனுமதித்து, 2016 ஆம் ஆண்டில் இடைநிறுத்தி, 2018 சூலை முதல் முழுமையாக ஏற்றது. அதன் பின் தயாரிப்பாளர்கள் விரைவாக மாறினர். சிமானோ 105 வகையின் ஆர்7100 தொகுதி 2022, 2023 ஆம் ஆண்டுகளில் வட்டு பிரேக்குடன் மட்டுமே வந்தது.

ஈரத்தில் உடனடியாகப் பிடிப்பதிலும் நீண்ட மலை இறக்கத்திலும் வட்டு பிரேக் மேலானது. விளிம்பும் தேய்வதில்லை. மறுபுறம் அதன் எடையும் விலையும் கூடுதல். திரவ வகையில் காற்று நீக்குதல் போன்ற பணிகளுக்குத் தனிக் கருவிகள் வேண்டும். காலிப்பர் பிரேக்கின் ஒயரையும் கட்டையையும் சில ஆலன் சாவிகளைக் கொண்டு சாலையோரத்திலேயே மாற்ற இயலும்.

மழைக்காலத்திலும் நாள்தோறும் ஓட்டுபவர், மலைச்சாலைகளுக்கு அடிக்கடி செல்பவர் ஆகியோர் புதிய வண்டி வாங்கும்போது வட்டு பிரேக்கைத் தேர்வதற்குக் காரணம் உண்டு. சமவெளியில் ஓட்டும், ஏற்கனவே காலிப்பர் பிரேக் கொண்ட வண்டியை வைத்திருக்கும் மாணவர் ஒருவர் வண்டியையே மாற்ற வேண்டியதில்லை. கோட்டம் எடுத்த சக்கரம், புதிய ஒயரும் உறையும், நல்ல கட்டைகள் ஆகியவை அவரது முதல் செலவாக இருத்தல் வேண்டும். அதன் பின்னும் கரங்கள் வளைந்தாலோ சுழல்முனை ஆடினாலோ மட்டுமே இடைநிலைக் காலிப்பர் வாங்குவது பயன் தரும். அதற்கு மேலான விலை நிறுத்தும் தொலைவைக் குறைப்பதில்லை.

== இவற்றையும் பார்க்க ==

* மிதிவண்டி
* உராய்வு
* நெம்புகோல்
* வட்டு பிரேக்